60 கிகாஹெர்ட்ஸில் இடம் மிச்சம் பிடிக்க: வீட்டிலிருந்தே சிப் வரைவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

சிப் வரைய வேண்டுமானால் விலையுயர்ந்த மென்பொருளும் பெரிய நிறுவனத்தின் அடையாள அட்டையும் வேண்டும் என்ற நிலை இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மில்லிமீட்டர் அலைச் சிப்புகளில் வரும் பாசிவ் பாகங்களை, அதாவது இண்டக்டர், கெபாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர், பவர் டிவைடர் போன்றவற்றை, இலவச மென்பொருளைக் கொண்டு வீட்டு மடிக்கணினியிலேயே வரைந்து சோதிக்க முடிகிறது. இறுதியாண்டு இ.சி.இ. மாணவர்களையும், வேலையில் இருந்தபடி ஆர்.எஃப். பக்கம் திரும்ப நினைப்பவர்களையும் மனதில் வைத்து இவற்றை எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 60 கிகாஹெர்ட்ஸுக்கு. வேறு அலைவரிசை என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

1. முதலில் அலைநீளத்தைத் தாளில் எழுதி மேசை முன் ஒட்டிவிடுங்கள். 60 கிகாஹெர்ட்ஸில் காற்றில் 5 மில்லிமீட்டர். சிப்பின் உலோக அடுக்குகளைச் சுற்றியிருக்கும் சிலிக்கான் டை ஆக்ஸைடில் இது பாதியாகி 2.5 மில்லிமீட்டர் ஆகும். கால் அலைநீளம் 625 மைக்ரோமீட்டர். டிரான்சிஸ்டர்கள் சில மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். சிப்பின் பரப்பைத் தின்பது இந்தக் கால் அலைநீளக் கோடுகள்தான். பரப்புக்குத்தான் காசு. ஆகவே சுருக்க வேண்டியது இவற்றை. (1890-களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை வைத்து ஆய்வு நடத்தினார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே தகரத் தாள்களைச் செருகி போலரைசராகப் பயன்படுத்தியவர் அவர். கருவி இல்லையே என்று சலித்துக்கொள்ளும்போது நினைத்துக்கொள்ளலாம்.)

2. எந்தத் தொழிற்சாலை விதிகளை வைத்து வரைவது? ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவனம் தனது எஸ்ஜி13ஜி2 என்ற 130 நானோமீட்டர் சிலிக்கான்-ஜெர்மானியம் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புத் தொகுப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்தக் கையெழுத்து எதுவும் தேவையில்லை, பதிவிறக்கினால் போதும். ஐந்து மெல்லிய உலோக அடுக்குகள், அவற்றுக்கு மேல் 2 மைக்ரோமீட்டர் தடிமனில் டாப்மெட்டல்1, 3 மைக்ரோமீட்டரில் டாப்மெட்டல்2. பாசிவ் வேலைக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் உங்கள் சொத்து. நிறுவனம் இருப்பது விமான நிலையத்துக்குப் பேர்போன பிராங்க்பர்ட்டில் அல்ல, போலந்து எல்லையை ஒட்டிய ஓடர் நதிக்கரை பிராங்க்பர்ட்டில்.

3. கருவிப் பட்டியல்: லேஅவுட் வரைய கேலேஅவுட், மின்காந்தக் கணக்குக்கு ஓப்பன்இஎம்எஸ், எஸ்-அளபுருக்களைக் கையாளப் பைத்தானில் சைகிட்-ஆர்எஃப். மூன்றும் இலவசம்.

4. சுருக்குவதற்கு முன் மடித்துப் பாருங்கள். நீளமான கோட்டை வளைத்து வளைத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மின்னியல் குணமும் அவ்வளவாகக் கெடாது. ஒரு விதிதான்: பக்கத்துப் பக்கத்தில் வரும் இரு கைகளுக்கிடையே உள்ள இடைவெளி, கோட்டுக்கும் கீழேயுள்ள கிரவுண்ட் தகட்டுக்கும் உள்ள உயரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இந்தத் தொழில்நுட்பத்தில் அந்த உயரம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். ஆக, 30 விட்டால் நிம்மதி. மூலைகளைச் சீவுவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 15 மைக்ரோமீட்டர் அகலக் கோட்டின் மூலை 2,500 மைக்ரோமீட்டர் அலைக்குப் பெரிதாகத் தெரியாது.

5. அடுத்த கட்டம், கோட்டையே தூக்கிவிட்டு இண்டக்டரும் கெபாசிட்டரும் வைப்பது. எர்னஸ்ட் வில்கின்சன் 1960-இல் வெளியிட்ட பவர் டிவைடரை எடுத்துக்கொள்வோம். 70.7 ஓம் கொண்ட இரண்டு கால் அலைநீளக் கோடுகள், வெளியீடுகளுக்கிடையே ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். கோடு ஒவ்வொன்றுக்கும் பதிலாக நடுவில் ஓர் இண்டக்டரும், இரு முனைகளிலும் கிரவுண்டை நோக்கி ஒரு கெபாசிட்டரும் வைக்கலாம். 70.7 ஓமை 60 கிகாஹெர்ட்ஸின் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் இண்டக்டர் 188 பைக்கோஹென்றி, இரண்டின் பெருக்கலால் ஒன்றை வகுத்தால் கெபாசிட்டர் 37.5 ஃபெம்டோஃபாரட். உள்ளீட்டில் இரு கெபாசிட்டர்கள் ஒரே புள்ளியில் சேர்வதால் அங்கே 75 ஆக ஒன்றே போதும். 188 பைக்கோஹென்றிக்கு ஒற்றைச் சுற்று வளையம் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் விட்டம் பிடிக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடச் சற்றே அதிகம். 625 மைக்ரோமீட்டர் கோடு இருந்த இடத்தில் இது.

இலவசம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாற்று, ஒரே ஓர் அலைவரிசையில்தான் கால் அலைநீளக் கோட்டுக்குச் சமம். விலக விலகப் பொருத்தம் கெடும். 57 முதல் 66 கிகாஹெர்ட்ஸ் வரை முழுவதும் வேண்டுமென்றால் இரு முனைகளிலும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே கோட்டைக் கைவிடுங்கள்.

6. நடுவழி ஒன்றும் உண்டு. கோட்டைப் பாதியாக வெட்டி, இரு முனைகளிலும் கெபாசிட்டர் தொங்கவிடுவது. ஜப்பானின் ஹிரோட்டா குழுவினர் 1990-இல் எம்எம்ஐசி ஹைப்ரிட்களுக்காக இதை விரிவாக எழுதினார்கள். கோணம் 45 பாகையாகக் குறைந்தால், கோட்டின் மின்மறுப்பை 0.707-ஆல் வகுத்து உயர்த்த வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறான பாகத்தில் இந்த உத்தியைப் போடுகிறார்கள். பிராஞ்ச்லைன் ஹைப்ரிட்டில் இருப்பவை 50 ஓமும் 35.4 ஓமும். வகுத்தால் 70.7-உம் 50-உம் வரும். இரண்டையும் சிப்பில் சுலபமாக வரையலாம். மூலைக்கு ஒன்றாக ஏறத்தாழ 90 ஃபெம்டோஃபாரட் சேர்த்தால் வேலை முடிந்தது. வில்கின்சனிலோ கோடு ஏற்கெனவே 70.7 ஓம். அதை உயர்த்தினால் 100 ஓம் ஆகி, 4 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெலிந்த கோடு தேவைப்படும், இழப்பு ஏறும். 30 பாகைக்குப் போனால் 141 ஓம், நினைக்கவே வேண்டாம். பிராஞ்ச்லைனுக்கு இந்த நடுவழி, வில்கின்சனுக்கு ஐந்தாம் குறிப்பின் வழி. இது என் தீர்ப்பு.

7. இருப்பதிலேயே முக்கியமான குறிப்பு இதுதான், நிதானமாகப் படியுங்கள். மின்னோட்டம் திரும்பி வரும் பாதையை வரையாமல் இண்டக்டர் என்று எதையும் நம்பாதீர்கள். இண்டக்டன்ஸ் என்பது கம்பிக்குச் சொந்தமானது அல்ல, போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்த வளையத்துக்குச் சொந்தம். ஒரு வளையத்தை மட்டும் தனியாக வரைந்து, இரு முனைகளுக்கிடையே போர்ட் வைத்து, 100 பைக்கோஹென்றி என்று மென்பொருள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றில் வைக்கும்போது ஒரு முனை டிரான்சிஸ்டருக்கும் மறுமுனை சப்ளைக்கும் போகும். சப்ளையிலிருந்து கெபாசிட்டர் வழியாக கிரவுண்டுக்கும், கிரவுண்டிலிருந்து சுற்றிக்கொண்டு அதே டிரான்சிஸ்டரின் எமிட்டருக்கும் ஓட்டம் திரும்பியாக வேண்டும். அந்தச் சுற்றுவழி 25 பைக்கோஹென்றி சேர்த்தது என்று வையுங்கள். 25 சதவீதம் கூடினால் ஒத்ததிர்வு 60-லிருந்து 54 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழும். தேவையான பட்டையே கைவிட்டுப் போய்விடும். குறைந்த அலைவரிசையில் இதே 25 பைக்கோஹென்றியை யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே இண்டக்டர்கள் நானோஹென்றிக் கணக்கில் இருக்கும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு இண்டக்டரையும் சுற்றி ஒரு கிரவுண்ட் வளையம் வரையுங்கள். அந்த வளையத்தையும் சேர்த்தே சிமுலேஷன் செய்யுங்கள். போர்ட்டின் எதிர்முனையை வளையத்தில், டிரான்சிஸ்டரின் கிரவுண்ட் தொடும் அதே இடத்தில் வையுங்கள். சப்ளை முனையில் இருக்கும் பைபாஸ் கெபாசிட்டரும் அந்தப் படத்துக்குள் வரட்டும். இதைச் செய்துவிட்டால் மற்ற குறிப்புகளில் பாதியை மறந்தாலும் சிப் வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது.

8. திரும்பும் பாதையின் தடிமனையும் பாருங்கள். 60 கிகாஹெர்ட்ஸில் அலுமினியத்தில் மின்னோட்டம் மேல்தோலில் 0.33 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுகிறது. டாப்மெட்டல்2-இன் 3 மைக்ரோமீட்டர் அதற்குத் தாராளம். ஆனால் அடியில் கிரவுண்டாக இருக்கும் மெட்டல்1 அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. மேலே நெடுஞ்சாலையும் கீழே ஒற்றையடிப் பாதையுமாக இருக்கிறது நிலைமை. மெட்டல்1, மெட்டல்2 இரண்டையும் நெருக்கமான வயாக்களால் தைத்து ஒரே தகடாக்குங்கள். உயரத்தில் கொஞ்சம் போகும், இழப்பில் மிச்சமாகும்.

9. அதே காரணத்தால், டாப்மெட்டல்1-ஐயும் 2-ஐயும் ஒட்டவைத்துத் தடித்த சுருள் செய்வதில் பெரிய லாபம் இல்லை. சுருள் சிலிக்கானுக்கு நெருங்கிவிடுவதுதான் மிச்சம்.

10. கெபாசிட்டர் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். இந்தத் தொழில்நுட்பத்தின் எம்ஐஎம் கெபாசிட்டர் சதுர மைக்ரோமீட்டருக்கு 1.5 ஃபெம்டோஃபாரட். நமக்கு வேண்டிய 37.5-க்கு 5-க்கு 5 மைக்ரோமீட்டர் சதுரம் போதும். சிக்கல் சதுரத்தில் இல்லை, அதற்குப் போகும் கம்பியில். 20 மைக்ரோமீட்டர் நீளக் கம்பி 10 பைக்கோஹென்றி என்று கொண்டால் 60 கிகாஹெர்ட்ஸில் அது 3.8 ஓம். கெபாசிட்டரின் 70.7 ஓமிலிருந்து இதைக் கழித்தால் மீதம் 66.9. வெளியிலிருந்து பார்க்க 39.6 ஃபெம்டோஃபாரட் போலத் தெரியும். ஆகவே கெபாசிட்டரை இண்டக்டரின் காலடியிலேயே வையுங்கள். முடியாவிட்டால் கம்பியின் பங்கைக் கழித்துச் சதுரத்தைச் சிறிதாக்குங்கள்.

11. "இண்டக்டரின் க்யூ குறைவு" என்று குறைந்த அலைவரிசைப் பாடங்களில் படித்ததை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். அதிர்வெண் ஏற ஏற இண்டக்டர் பரவாயில்லை என்றாகி, கெபாசிட்டர்தான் சிரமம் கொடுக்கும். 100 ஃபெம்டோஃபாரட் கெபாசிட்டரோடு தொடராக 2 ஓம் இருந்தாலே 60 கிகாஹெர்ட்ஸில் க்யூ 13-க்கு இறங்கிவிடும். வராக்டர் இன்னும் மோசம். ஆசிலேட்டர் வரைபவர்கள் சுருளை மெருகேற்றுவதை நிறுத்திவிட்டு வராக்டரின் கால்களில் எத்தனை வயா இருக்கிறது என்று எண்ணட்டும்.

12. சுருளுக்கு அடியில் கோடுகோடாக வெட்டிய கிரவுண்ட் கவசம் போடுவது பற்றிக் கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் பாட்ரிக் யூவும் சைமன் வாங்கும் 1998-இல் பிரபலப்படுத்திய முறை அது. சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்குச் செங்குத்தாக வெட்டுகள் இருந்தால் கவசத்தில் எதிரோட்டம் கிளம்பாது, மின்புலமும் சிலிக்கானுக்குள் போகாது. சில கிகாஹெர்ட்ஸில் அருமையான பலன். 60-இல் சுருளே சிறியது. கவசம் சேர்க்கும் கெபாசிட்டன்ஸ் தன்னொத்ததிர்வைக் கீழே இழுக்கும். முதலில் இல்லாமல் கணக்கிடுங்கள். அப்புறம் தேவைப்பட்டால் சேருங்கள்.

13. இடத்தை அதிகம் மிச்சப்படுத்துவது டிரான்ஸ்ஃபார்மர். மின்மறுப்புப் பொருத்தம், ஒற்றை முனையை இரட்டை முனையாக்கும் பலூன் வேலை, நடு முனை வழியாக டிசி கொடுப்பது, இரு நிலைகளுக்கிடையே டிசி-யைத் தடுப்பது என்று நான்கு வேலைகளை ஒரே பாகம் செய்துவிடும். நேத்தன் மார்ச்சண்ட் 1944-இல் சொன்ன பலூனுக்கு இரண்டு கால் அலைநீளப் பகுதிகள் வேண்டும். இங்கே ஒரு வளையத்தின் மேல் இன்னொரு வளையம், அவ்வளவுதான். ஒன்று டாப்மெட்டல்2-இல், மற்றது நேர் கீழே டாப்மெட்டல்1-இல். காந்த இணைப்பு நன்றாக இருக்கும். ஆனால் இரண்டுக்குமிடையே கெபாசிட்டன்ஸும் கூடவே வரும். பலூனின் இரு வெளியீடுகளும் சமமாக இல்லாமல் போவதற்கு வழக்கமான காரணம் இதுதான். கீழ் வளையத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓரங்கள் மட்டும் மேலுக்கு மேல் வருமாறு வைத்துப் பாருங்கள். நடு முனையின் கிரவுண்ட் இணைப்பு சரியாக மையக்கோட்டில் இருக்கட்டும். இங்கேயும் ஏழாம் குறிப்புதான்.

14. மெதுவலைக் கோடு: கோட்டுக்குக் கீழே, அதற்குக் குறுக்காக, எதனோடும் இணைக்காத மெல்லிய உலோகப் பட்டைகளை வரிசையாகப் பரப்புவது. மின்புலம் பட்டைகளில் நின்றுவிடும், காந்தப்புலம் கீழே கடந்து போகும். கெபாசிட்டன்ஸ் கூடி, இண்டக்டன்ஸ் அப்படியே இருப்பதால் அலை மெதுவாகிக் கோடு குட்டையாகும். சியுங், லாங் இருவரின் 2006 கட்டுரை இதற்கு நல்ல தொடக்கம். பட்டைகள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. முழுக் கோட்டையும் சிமுலேட் செய்யப் போனால் மடிக்கணினி திணறும். ஒரு சிறு துண்டைக் கணக்கிட்டு, சைகிட்-ஆர்எஃப் மூலம் அடுத்தடுத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

15. மடிக்கணினி ஏன் திணறுகிறது? ஓப்பன்இஎம்எஸ் பயன்படுத்துவது கேன் யீ 1966-இல் தந்த எஃப்டிடிடி முறை. இதில் மிகச்சிறிய கட்டம்தான் கால அடியைத் தீர்மானிக்கும். மூன்று திசையிலும் 1 மைக்ரோமீட்டர் கட்டம் போட்டால், வெற்றிடக் கணக்கில் கால அடி ஏறத்தாழ 1.9 ஃபெம்டோநொடி. 60 கிகாஹெர்ட்ஸின் ஒரு அலைவுக்கு 16.7 பைக்கோநொடி, அதற்கே எட்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். ஆகவே எங்கோ ஓரத்தில் இருக்கும் கால் மைக்ரோமீட்டர் பிசிறுகூட இரவு முழுவதையும் விழுங்கிவிடும். வடிவங்களைச் சுத்தம் செய்த பிறகு மெஷ் போடுங்கள். வயாக் கூட்டத்தைத் தனித்தனியாக விடாமல் ஒரே கட்டையாக மாற்றுங்கள். உலோக ஓரத்தில் மெஷ் கோட்டை நேராக வைக்காதீர்கள். ஓரத்தையொட்டிய கட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு உலோகத்துக்குள்ளும் இரண்டு பங்கு வெளியிலும் விழுமாறு வைத்தால் கரடுமுரடான மெஷிலும் விடை நெருங்கி வரும்.

16. உலோகத்தைத் தடிமன் இல்லாத தகடாக வைத்துக் கணக்கிடும் குறுக்குவழி வேகமானது. இரு கோடுகள் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக ஓடும் இடத்தில் மட்டும் அதை நம்ப வேண்டாம். 3 மைக்ரோமீட்டர் உயரப் பக்கச்சுவர்களின் கெபாசிட்டன்ஸ் விடுபட்டுப் போகும்.

17. புதுப் பாகத்தைத் தொடுமுன் ஒரு நேர்க்கோட்டைச் சிமுலேட் செய்து, கைக்கணக்கோடு ஒத்துப்பாருங்கள். கிரவுண்டிலிருந்துள்ள உயரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அகலமுள்ள கோடு, ஆக்ஸைடில் 50 ஓமுக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் தவறு அடுக்கு விவரத்திலோ போர்ட்டிலோ இருக்கிறது. பாசிவ் பாகத்திலிருந்து வெளிவரும் ஆற்றல், உள்ளே போனதைவிட அதிகம் என்று விடை வந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

18. தொழிற்சாலைகள் ஒவ்வொரு அடுக்கிலும் குறிப்பிட்ட அளவு உலோகம் இருக்க வேண்டும் என்று கேட்கும். காலி இடத்தில் சின்னச் சின்ன நிரப்புத் துண்டுகளைத் தானாகவே கொட்டிவிடும். சுருளின் நடுவிலும்தான். நிரப்புத் தடை அடுக்கை வரைந்து காப்பாற்றுங்கள், ஆனால் மொத்த அடர்த்தி விதி மீறாமல் துண்டுகளை நீங்களே தூரத்தில் வைத்துவிடுங்கள்.

19. இரண்டு சுருள்களை ஒட்டிவைக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் ஒன்றை எட்டு வடிவில் வரையுங்கள். அதன் இரு பாதிகளின் காந்தப்புலம் எதிரெதிராக இருப்பதால் தூரத்தில் தணிந்துவிடும்.

20. அளக்கும்போது ஊசி தொடும் பேடும் சுற்றின் பகுதிதான். 30 ஃபெம்டோஃபாரட் பேடு 60 கிகாஹெர்ட்ஸில் 88 ஓம். 50 ஓம் கோட்டின் வாசலில் இப்படி ஒரு பக்கவழி இருந்தால் எந்த அளவீடும் கோணலாகத்தான் வரும். சிப்பில் ஓர் ஓரத்தில் பேடு மட்டும், பேடுகளை நேராக இணைத்த கோடு, அதைவிட நீளமான இன்னொரு கோடு, கோடில்லாத வெறும் முனை என்று சில மாதிரிகளுக்கு இடம் ஒதுக்குங்கள். ஏங்கன், ஹோயர் 1979-இல் தந்த டிஆர்எல் அளவுதிருத்தத்துக்கு இவைதான் தேவை. மிச்சப்படுத்திய இடத்தைச் செலவிட இதைவிட நல்ல வழி இல்லை.

21. கடைசியாக, எம்ஐஎம் மதிப்பைப் பத்து சதவீதம் ஏற்றியும் இறக்கியும் மறுபடி ஓட்டுங்கள். மூன்று விடைகளிலும் பட்டை நிலைத்தால் லேஅவுட்டை அனுப்பலாம். நிலைக்கவில்லை என்றால் அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டீர்கள். ஐந்தாம் குறிப்பை விட்டு நான்காம் குறிப்புக்கே திரும்புங்கள்.

22. வரைந்த லேஅவுட்டையும் சிமுலேஷன் கோப்பையும், அளந்திருந்தால் அளவீட்டையும், ஒரே கோப்புறையில் தேதியிட்டு இணையத்தில் பொதுவில் வையுங்கள். திறந்த மூலத் தொகுப்பு என்பதால் அதற்குத் தடை இல்லை. தமிழில் நான்கு வரி விளக்கமும் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் மாணவர் உங்கள் பலூனிலிருந்து தொடங்குவார்.